கோர்ட் இருக்கும்போது சங்கம் எதற்கு?

சில நாட்களுக்கு முன் நண்பர் ஒருவர் வீட்டில் 'நார்த் கன்ட்ரி' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தேன். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த படம். இரும்புச் சுரங்கத்தில் வேலைக்குச் சேருகிறாள் ஒரு பெண். ஆண் தொழிலாளிகள் அவளைப் படாத பாடு படுத்துகிறார்கள். நிர்வாகம் காதை மூடிக்கொள்கிறது. தொழிற்சங்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கடைசியில் கோர்ட்டில் அவளுக்கு நியாயம் கிடைக்கிறது.

படம் முடிந்ததும் நண்பர் என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

"பார்த்தீர்களா சார்? உங்கள் யூனியன் என்ன செய்து கிழித்தது? ஒரு நல்ல வக்கீல், ஒரு நல்ல ஜட்ஜ், வேலை முடிந்தது. கொடி, கோஷம், சந்தா எல்லாம் தாத்தா காலத்துச் சமாசாரம். எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு வழக்குப் போடலாம் என்று வந்த பிறகு சங்கம் எதற்கு?"

நண்பர் என்னைவிட மூத்தவர். ஒரு கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே அவரோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் இது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல. படித்த நடுத்தரக் குடும்பங்களில் பாதிப்பேர் இதையேதான் சொல்கிறார்கள். ஆகவே அன்று சொல்லாத பதிலை இப்போது எல்லாருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் படத்துக்கு ஆதாரமான உண்மைக் கதையைப் பார்ப்போம். அது நடந்த இடம் மின்னசோட்டா மாநிலத்தில் ஈவ்லெத் என்ற ஊர்ப்பக்கத்துச் சுரங்கம். 1974-ல் அமெரிக்காவின் ஒன்பது பெரிய உருக்குக் கம்பெனிகள், பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் வேலையில் பங்கு தருவதாக அரசாங்கத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. உருக்குத் தொழிலாளர் சங்கமும் அதில் கையெழுத்திட்டது. மறு வருஷம் லோயிஸ் ஜென்சன் என்ற பெண் அந்தச் சுரங்கத்தில் சேர்ந்தார். புருஷன் துணையில்லாமல் பிள்ளையை வளர்த்து வந்தவர். அங்கே அவரும் மற்றப் பெண்களும் பட்டதை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை. படத்தில் காட்டியது அதில் ஒரு பங்குதான்.

1984-ல் அவர் மாநில மனித உரிமைத் துறையிடம் புகார் கொடுத்தார். 1988-ல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அது எல்லாப் பெண்களுக்குமான வழக்கு என்று 1991-ல் நீதிபதி ஏற்றுக்கொண்டார். பாலியல் தொல்லை விஷயத்தில் அமெரிக்காவிலேயே இப்படி ஏற்கப்பட்ட முதல் வழக்கு அதுதான். 1993-ல் கம்பெனியின் மேல் குற்றம் என்று தீர்ப்பாயிற்று. நஷ்டஈடு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க இன்னொருவர் நியமிக்கப்பட்டார். அவர் முன்னால் அந்தப் பெண்களின் பிள்ளைப் பிராயம் முதல் டாக்டர் சீட்டு வரை எல்லாம் கிளறப்பட்டன. 1996-ல் அவர் எழுதிய தொகையோ மிகவும் சொற்பம். 1997-ல் அப்பீல் கோர்ட் அதைத் தள்ளி, மறுபடியும் விசாரிக்கச் சொல்லிற்று. 1998 டிசம்பர் கடைசியில், விசாரணை தொடங்க வேண்டிய நேரத்தில், கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 15 பெண்களுக்குமாகச் சேர்த்து 35 லட்சம் டாலர்.

புகாரிலிருந்து பணம் வரை 14 வருஷம்! வழக்குத் தொடுத்தவர் உடம்பும் மனமும் ஒடிந்து 1992-லேயே வேலையை விட்டுவிட்டார். கூட நின்ற பெண்களில் ஒருவர் 1994-ல் செத்தே போனார். படத்தில் இரண்டு மணி நேரத்தில் கோர்ட் காட்சி வந்துவிடுகிறது. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். நண்பர் "வேலை முடிந்தது" என்று சொன்னாரே, அந்த வேலை முடிய ஆன காலம் இது.

இதனால் அந்த வழக்கு வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அவர்களால்தான் அந்த நாட்டில் எத்தனையோ முதலாளிகளுக்குப் பயம் வந்தது. நான் கேட்பது வேறு. சங்கம் சரியாக இருந்திருந்தால், இந்த விவகாரம் எத்தனை நாளில், எந்த இடத்தில், எப்படித் தீர்ந்திருக்கும்? இதைக் கேட்காமல் சங்கத்தைக் குப்பையில் போடச் சொல்கிறவர் பாதிக் கதைதான் கேட்டவர்.

சங்கம் உள்ள அமெரிக்கத் தொழிற்சாலையில் ஒரு குறை எப்படித் தீர்க்கப்படுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு பிரிவிலும் சங்கத்தின் சார்பில் ஒரு ஆள் இருப்பார். 'ஸ்டூவர்டு' என்பார்கள். அவரும் அதே பிரிவில் வேலை செய்கிறவர்தான். போர்மன் அநியாயமாக மெமோ கொடுத்தாலும், கூலியில் பிடித்தாலும், முறை மாற்றிப் பதவி உயர்வு கொடுத்தாலும் தொழிலாளி அவரிடம் சொல்லுவார். இருவரும் போர்மனிடம் போவார்கள். தீராவிட்டால் எழுத்து மூலம் மேலதிகாரியிடம் போகும். அங்கேயும் தீராவிட்டால் சங்கத்தின் பெரிய பிரதிநிதியும் கம்பெனியின் பெரிய அதிகாரியும் உட்கார்ந்து பேசுவார்கள். கடைசிப் படியில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மத்தியஸ்தர் ஒருவர் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவார். ஒவ்வொரு படிக்கும் இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் கெடு இருக்கும். பெரும்பாலான பிராதுகள் கீழ்ப்படிகளிலேயே தீர்ந்துவிடும். தொழிலாளிக்கு வக்கீல் பீஸ் கிடையாது.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1960-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. வேலையில் அடிபட்ட ஒரு தொழிலாளி, உடல் திறனில் கால்பங்கு நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்ற கணக்கில் நஷ்டஈடு வாங்கிக்கொண்டார். பிறகு தம் சீனியாரிட்டியைக் காட்டித் திரும்பவும் வேலை கேட்டார். சங்கம் மத்தியஸ்தரிடம் போகலாம் என்றது, கம்பெனி மறுத்தது. அப்பீல் கோர்ட் இது அற்பப் பிராது என்று தள்ளிற்று. சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று தெரியுமா? பிராது அற்பமா அல்லவா என்று பார்ப்பது கோர்ட்டின் வேலை அல்ல; ஒப்பந்தப்படி மத்தியஸ்தர் கேட்கட்டும். அற்பப் பிராதைக் கூடக் காது கொடுத்துக் கேட்பதில் தொழிற்சாலைக்கு ஒரு மருந்தின் பலன் உண்டு என்கிற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உலகத்துப் பெரிய கோர்ட்டுகளில் ஒன்று, தன்னைவிடத் தொழிலாளியின் குறையைக் கேட்கத் தகுந்த இடம் வேறு ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டது. கோர்ட்டே போதும் என்கிற நண்பர் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன். ஒரு பெரிய மளிகைக் கம்பெனியின் கடையில், சிற்றுண்டிப் பகுதியில் வேலை செய்தாள் ஒரு பெண். கோழிக்கறி ஒரு பெட்டி 2 டாலர் 98 சென்ட். அவள் எடுத்துக்கொண்டு ஒரு டாலர் மட்டும் போட்டாள் என்று புகார். மேனேஜரும் திருட்டைக் கண்டுபிடிக்கிற அதிகாரியும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தார்கள். "என் சங்கத்து ஆளைக் கூப்பிடுங்கள்" என்று பல தடவை கேட்டாள்; மறுத்துவிட்டார்கள். சின்னப் பெட்டி தீர்ந்து போனதால் ஒரு டாலர் கறியைப் பெரிய பெட்டியில் வைத்தேன் என்றாள். விசாரித்துப் பார்த்தால் அது உண்மை. மன்னிப்பும் கேட்டார்கள். அவள் அழுதுவிட்டாள். காசு கொடுக்காமல் இந்தக் கடையில் நான் தொட்டது மத்தியானச் சாப்பாடு ஒன்றுதான் என்று வாய் தவறிச் சொன்னாள். உடனே அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி விசாரணை! இத்தனைக்கும் அந்தக் கடையில் சாப்பாடு இலவசமா இல்லையா என்பது தலைமை ஆபீசுக்கே நிச்சயமாகத் தெரியாது.

சங்கம் இதை விடவில்லை. தொழிலாளர் உறவு வாரியத்துக்குக் கொண்டு போயிற்று. 1975-ல் சுப்ரீம் கோர்ட், தண்டனைக்கு வழி வகுக்கக்கூடிய விசாரணையில் சங்கத்து ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. நான் கேட்கிறேன்: ஒரு டாலர் கோழிக்கறிக்கு எந்தப் பெரிய வக்கீல் கூட்டு வழக்குப் போட வருவான்? அந்த அறையில் அவள் அழுதபோது தேவைப்பட்டது நாலு வருஷம் கழித்து வரும் நஷ்டஈடு அல்ல. பக்கத்தில் ஒரு நாற்காலியும் அதில் தனக்குத் தெரிந்த ஒரு மனிதரும். இந்த உரிமை சங்கம் இல்லாத இடத்துத் தொழிலாளிக்கு இல்லை என்று 2004-ல் அந்த வாரியம் சொல்லிவிட்டது. சங்கம் இல்லாவிட்டால் நாற்காலியும் இல்லை.

சரி, கூட்டு வழக்குக்கு வருவோம். 'கிளாஸ் ஆக்ஷன்' என்று அமெரிக்கர் சொல்வதைத்தான் கூட்டு வழக்கு என்கிறேன். ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட ஆயிரம் பேருக்காகச் சிலர் முன்னால் நின்று போடும் வழக்கு. 1964-ல் வேலையில் நிறம், மதம், பால் பேதம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் வந்தது. 1966-ல் கூட்டு வழக்கு விதிகளைத் திருத்தி எழுதினார்கள். இரண்டும் சேர்ந்ததில் பல பழைய அநியாயங்கள் ஆட்டம் கண்டன. மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஆயுதம் யார் கையில் இருக்கிறது? வால்மார்ட் கடைகளில் பெண்களுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் வஞ்சனை என்று 2001-ல் ஒரு வழக்குத் தொடங்கியது. சுமார் 15 லட்சம் பெண்களுக்கான வழக்கு. பத்து வருஷம் நடந்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட், ஒவ்வொரு கடையிலும் அந்தந்த மேனேஜர் தம் இஷ்டப்படி முடிவு செய்திருக்கிறார், எல்லாரையும் சேர்த்துக் கட்டும் பொதுக் கேள்வி இல்லை என்று சொல்லிக் கூட்டைக் கலைத்துவிட்டது. வஞ்சனை நடந்ததா இல்லையா என்பது விசாரிக்கப்படவே இல்லை. இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். மேனேஜர் இஷ்டப்படி நடக்கிறார் என்பதுதான் தொழிலாளியின் குறையே. அதையே காரணமாகக் காட்டி வழக்கு போயிற்று. கடைக்குக் கடை மாறும் அநியாயத்தைக் கடைக்குள்ளேயே நிற்கும் ஒரு ஸ்டூவர்டுதான் பிடிக்க முடியும். அந்தக் கடைகளில் சங்கம் இல்லை.

அதற்குப் பிறகு வந்தது இன்னும் மோசம். ஒரு மென்பொருள் கம்பெனி 2014-ல் தன் ஊழியர்களுக்கு ஈமெயில் ஒன்று அனுப்பியது. சம்பளத் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. மத்தியஸ்தரிடம் தனித்தனியாகத்தான் வர வேண்டும். நாளைக்கும் வேலைக்கு வந்தால் இதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அவ்வளவுதான்! ஊழியர்கள் வேலைக்கு வந்தார்கள். வராமல் என்ன செய்வார்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? 2018-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஈமெயில் செல்லும் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆக, நண்பர் புகழ்ந்த கூட்டு வழக்கு என்ற ஆயுதத்தை முதலாளி ஒரு ஈமெயிலால் பிடுங்கிக்கொள்ளலாம். 2022-ல் பாலியல் தொல்லை வழக்குகளுக்கு மட்டும் சட்டசபை விலக்குக் கொடுத்தது. கூலி, வேலை நேரம் பற்றிய தகராறுகளுக்கு அந்த விலக்கு இல்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கம்பெனியும் மத்தியஸ்தர் என்றுதான் சொல்கிறது. சங்கத்து ஒப்பந்தத்திலும் மத்தியஸ்தர்தான் வருகிறார். பெயர் ஒன்று, சங்கதி வேறு. ஒன்று முதலாளி தாமே எழுதித் தனி மனிதன் முகத்தில் நீட்டும் காகிதம். மற்றது தொழிலாளிகள் கூடிப் பேசி, வேண்டுமானால் வேலைநிறுத்தம் செய்தும் வாங்கிய ஒப்பந்தம். சங்கத்தின் சம்மதம் இல்லாமல் முதலாளி அதில் ஒரு வரியைக் கூட அழிக்க முடியாது. தனியாக நிற்கிறவனிடம் உரிமையைப் பிடுங்குவது சுலபம். அதனால்தான் தனியாக நிற்காதே என்கிறேன்.

இனி என் பக்கத்து ஆட்களுக்கும் இரண்டு வார்த்தை. சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் என்மேல் கோபப்பட்டாலும் சரி. ஈவ்லெத் சுரங்கத்துப் பெண்களும் சங்கத்துச் சந்தா கட்டியவர்கள்தாம். அவர்களுக்குச் சங்கம் ஏன் துணை நிற்கவில்லை? சங்கத்தின் குறைதீர்ப்பு முறை தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் வரும் சண்டைக்காகச் செய்தது. தொல்லை கொடுத்தவனும் தொழிலாளி, தொல்லைப்பட்டவளும் தொழிலாளி என்றால் அது திக்குமுக்காடிப் போகிறது. தொல்லை கொடுத்தவனைக் கம்பெனி தண்டித்தால் அவனுக்காகவும் சங்கமே வாதாட வேண்டி வரும். ஓட்டுப் போடுகிறவர்களில் ஆண்களே அதிகம் என்னும்போது தலைவர்களின் கண் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை.

இது புதிய பாவமும் அல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ரயில் எஞ்சின்களில் கரி தள்ளும் வேலையில் கறுப்பர்கள் இருந்தார்கள். வெள்ளையர் சங்கம் அவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாது. ஆனால் அவர்களுக்கும் சேர்த்துத் தானே பேசும். பேசிப் பேசி, அவர்களைப் படிப்படியாக வேலையிலிருந்து வெளியேற்ற ரயில்வேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவர்களில் ஒருவர் தமக்கும் தம் கூட்டத்தாருக்குமாகக் கோர்ட்டுக்குப் போனார். சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற கறுப்பு வக்கீல் வாதாடினார். ஒருவனுக்காகப் பேச அதிகாரம் வாங்கிய சங்கம் அவனுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று 1944-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. இந்தத் தீர்ப்பைச் சங்கங்கள் தாமாகத் தங்களுக்கு விதித்துக்கொண்டிருக்க வேண்டும். கோர்ட் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்தது வெட்கம்.

சங்கத்துப் பிராதில் தோற்றாலும், பேத ஒழிப்புச் சட்டப்படி கோர்ட்டுக்குப் போகத் தொழிலாளிக்கு வழி உண்டு என்று 1974-ல் ஒரு தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. 2009-ல் நியூயார்க் கட்டடக் காவலாளிகள் வழக்கில், சங்கம் தன் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வழியையும் அடைக்கலாம் என்று இன்னொரு தீர்ப்பு வந்தது. வயதைக் காரணம் காட்டித் தங்களை மட்டமான வேலைக்குத் தள்ளினார்கள் என்பது அவர்களுடைய குறை. அதை நடத்தச் சங்கமே மறுத்திருந்தது. தன் உறுப்பினரின் கோர்ட் உரிமையை எழுதிக் கொடுக்கிற சங்கம் என்ன சங்கம்? இந்த இடத்தில் நண்பருடைய கோபம் நியாயம். அதில் நானும் பங்காளி. சங்கத்தின் கதவைத் தட்டித் திறக்காதவர்களுக்குக் கோர்ட்டின் கதவு திறந்தே இருக்க வேண்டும்.

ஆனால் கதவு பூட்டிக் கிடக்கிறது என்று வீட்டையே இடிப்பதா? சங்கமே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஆட்களின் கதையே இருக்கிறது. 2005-ல் கட்ரீனா புயல் அமெரிக்கக் கடற்கரையை அழித்த பிறகு, கப்பல் வேலைக்கு வெல்டர்களும் குழாய் பொருத்துகிறவர்களும் தேவைப்பட்டார்கள். 2006-ல் இந்தியாவிலிருந்து சுமார் 500 பேரைச் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனிக்காக அழைத்துப் போனார்கள். நிரந்தரக் குடியுரிமை கிடைக்கும் என்று ஆசை காட்டி, தலைக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஏஜெண்டுகள் வாங்கிக்கொண்டார்கள். நிலத்தையும் நகையையும் அடகு வைத்துப் போனவர்கள் ஒரு கொட்டகைக்கு 24 பேர் வரை அடைபட்டார்கள். அதற்கு மாதம் 1,050 டாலர் பிடித்தமும் உண்டு.

2008-ல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012-ல் கோர்ட் அதைக் கூட்டு வழக்காக ஏற்க மறுத்துவிட்டது. பிறகு தனித்தனி வழக்குகளாகப் பிரித்து, பல வக்கீல் கம்பெனிகள் இனாமாக வாதாட முன்வந்து, 2015-ல் முதல் ஐந்து பேருக்கு ஜூரி ஒரு கோடியே 40 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. கம்பெனி திவால் மனுப் போட்டது. மற்றவர்களுக்காக 2 கோடி டாலர் சமரசம் என்று ஆயிற்று. கூட்டு வழக்கு கைவிட்ட பிறகும் இவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? வழக்குக்கு முன்பே அவர்கள் இரவில் கூடிப் பேசியிருந்தார்கள். சேர்ந்து வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். வாஷிங்டனுக்குப் போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். பதிவு பெற்ற சங்கம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் சங்கத்தின் உயிர் எதுவோ அது அவர்களிடம் இருந்தது. கூட்டு வழக்கைக் கோர்ட் மறுக்கலாம். மனிதர்களின் கூட்டை அது கலைக்க முடியவில்லை.

அமெரிக்காவில் தனியார் தொழில்களில் சங்கத்தில் இருப்பவர்கள் 2024-ல் நூற்றுக்கு ஆறு பேர் கூட இல்லை. இதைப் பார்த்துச் சங்கம் தோற்றது என்று நண்பர் சொல்லுவார். மீதி 94 பேரின் நிலையைத்தான் நான் மேலே எழுதியிருக்கிறேன். ஈமெயிலுக்குச் சம்மதித்து வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான். வழக்கு வேண்டும். ஊர் முழுதும் பரவிய வஞ்சனைக்கும், சங்கமே வஞ்சிக்கும்போதும் அது ஒன்றுதான் கதி. ஆனால் அது முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியம். வழுக்காமல் நடக்கப் பிடித்துக்கொள்ளும் கை அல்ல. போர்மன் நாளைக் காலை ஏழு மணிக்கு அநியாயமாக அதட்டினால், ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்கு அவன் முன்னால் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைக் கோர்ட் அனுப்பாது. தொழிலாளிகள்தாம் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆள் பெண் தொழிலாளி கூப்பிட்டாலும் போகிறவராக, கறுப்பர் கூப்பிட்டாலும் போகிறவராக இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு.

அடுத்த முறை நண்பர் வீட்டுக்குப் போகும்போது இந்தப் பக்கங்களைக் கையோடு கொண்டு போகப் போகிறேன். காபியைக் குடித்து முடித்த பிறகே கொடுப்பேன்.